விலக்குப் பட்டியல்

இது அத்தனையும் உண்மை. ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை நானே மழித்துக்கொள்கிறேன்.

ஜோர்டானின் இர்பித் நகரத்துக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பத்தொன்பது வருடமாக நெட்வொர்க்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் முந்திர். அங்கே எந்த இணையதளத்துக்குப் போனாலும் ப்ராக்ஸி என்ற இடைக்கணினி வழியாகத்தான் போக வேண்டும். யார், எங்கே, எத்தனை மணிக்கு என்று அது எழுதி வைத்துவிடும்.

விலக்குப் பட்டியலில் ஏறிய முகவரிகளுக்கு மட்டும் நேர்வழி. தடயமே இருக்காது.

ஆகவே முந்திரின் மேசைக்கு ஜாஹா என்னும் தூதுக் கூட்டம் வர ஆரம்பித்தது. பெண் கேட்கப் போவதுபோல் பெரியவர்களைத் திரட்டிக்கொண்டு வருவார்கள். கொடுத்த காபியைத் தொடாமல் முன்னால் வைத்துவிடுவார்கள். கேட்டது கிடைத்தால்தான் குடிப்பார்கள்.

பழைய கார் விற்கும் தளம் ஒன்றுக்காக இழப்பீட்டுப் பிரிவு மொத்தமும் வந்தது, பதினேழு பேர். குதிரைப் பந்தயக் கோஷ்டி ஒரு கோத்திரத் தலைவரையே அழைத்து வந்தது. அவர் கணினியை ரேடியோ என்று நினைத்து, செய்தி வைக்கச் சொன்னார்.

யார் வந்தாலும் முந்திர் விசைப்பலகையைத் தட்டுவார். ஏறியாச்சு, குடிங்க என்பார்.

மேலாளர் அபு லைஸின் மைத்துனன் கணினிப் படிப்பு முடித்துவிட்டுச் சும்மா இருந்தான். அவனுக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாரத்தின் முதல் வேலைநாள், அபு லைஸ் கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு தாள் இருந்தது. ப்ராக்ஸியின் பதிவாம். முந்திர், வேலை நேரம், கத்தாரில் வேலை தேடும் தளம், நாற்பத்தொரு முறை.

காபி வந்தது. முந்திர் அதைத் தொடாமல் முன்னால் வைத்தார்.

அபு லைஸ் அதைப் பார்த்தார். முந்திரை அபு ஸுஹைர், ஸுஹைரின் அப்பா, என்று மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் மரியாதையை மட்டும் விடவில்லை.

"ஊருக்கெல்லாம் வழி விட்டீரே, அபு ஸுஹைர். உமக்கு ஒரு சந்து வச்சுக்கத் தெரியலையா?"

முந்திர் தாளை இரண்டு முறை படித்தார். அதைத் திரும்ப மேசையில் வைத்தார்.

காபி ஆறியது. அபு லைஸ் கையை நீட்டி, அந்தக் கோப்பையையும் தானே எடுத்துக் குடித்தார்.

முந்திர் ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டார்.

ஏழு மாதத்துக்கு முன், முதல் ஜாஹா வந்த அன்றே, அவர் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டிருந்தார். அதன் பிறகு உலகத்திலுள்ள எல்லா முகவரிக்கும் நேர்வழிதான், ப்ராக்ஸி ஒருவரைப் பற்றியும் ஒரு வரிகூட எழுதவில்லை.