தமிழில்: பவித்ரா

சுட்டது யார் என்று பவித்ராவுக்குத் தெரியும். போலீஸ்காரர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?

திரையில் எழுபதுகளின் பாரீஸ். பத்திரிகைக்காரன் ஒருவன் குண்டடிபட்டு நடைபாதையில் சுருண்டு கிடந்தான். திண்டுக்கல் ஃபிலிம் சொசைட்டிக்குக் கிடைத்த அந்தப் பிரெஞ்சுப் படத்தில் சப்டைட்டில் இல்லை. மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்கும் பவித்ராதான் மைக்கில் தமிழாக்கிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வசனத்தையும் மூன்று முறை திருத்தி நோட்டில் எழுதி வைத்திருந்தாள்.

ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் தனிப்பிரிவு ஏட்டு சிலுவைமுத்து இன்றும் வந்திருந்தார். அவளுடைய பாஸ்போர்ட் விசாரணைக் காகிதம் அவர் மேஜையில்தான் இருந்தது. மந்திரி சொல்லி போலீஸே சுட்டது என்று அவர் காதுபட மைக்கில் சொன்னால், பாஸ்போர்ட் வந்த மாதிரிதான்.

பவித்ரா நோட்டை மூடினாள். "இவரைச் சுட்டது... திருடங்க."

"தொப்பி போட்டிருக்காய்ங்களேம்மா?" என்றார் அக்பர் அலி. படம் போட மாடி ஹாலைக் கொடுத்த தோல் வியாபாரி அவர்.

"வாட்ச்மேனுங்க, பாய். திருடங்களைப் பிடிக்க வந்திருக்காங்க."

"இம்புட்டு வாட்ச்மேனா!"

மந்திரி காரில் வந்து இறங்கினார். அவரைப் புகையிலை வியாபாரி ஆக்கினாள். இதற்கா மூன்று முறை திருத்தினோம் என்று நெஞ்சு குறுகுறுத்தது.

அக்பர் அலி விடவில்லை. "யாவாரிக்கு முன்னால மூணு பைலட் வண்டியா? நானும் முப்பது வருசமா யாவாரம் பண்றேன், ஒரு சைக்கிள்கூட வந்ததில்லையே!"

ஹால் சிரித்தது. திரையில் மந்திரி போனை எடுத்து ஏதோ சொன்னார். ஏட்டு மீசைக்குள் சிரித்தபடி எழுதத் தொடங்கினார். பவித்ரா அவசரமாக மைக்கை வாயருகே கொண்டுபோய், "புகையிலை விலை இறங்கிருச்சாம்" என்றாள்.

படம் முடிந்து விளக்கு எரிந்தது. ஏட்டு நேராக அவளிடம் வந்தார். அவள் நோட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

"உங்க பாஸ்போர்ட் பேப்பர்ல காலையிலயே கையெழுத்துப் போட்டுட்டேன்மா."

பவித்ராவுக்கு மூச்சு வந்தது. "ரொம்ப நன்றி சார்."

அவர் குறிப்பு நோட்டைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"காரைக்கால்ல பிரெஞ்சு ஸ்கூல்ல படிச்சவன்மா நான்... சுட்டது எங்காளுகதானே, எதுக்குக் காப்பாத்துறீங்க?"