இழுபடாத பால்

மலாயாவில், மாசாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டம். நடுப்பகல். ஆஸ்பத்திரியின் தகரக் கூரையிலிருந்து வெக்கை இறங்குகிறது. ரப்பர் மரத்தைக் கீறிப் பால்வெட்டும் வீரமுத்து வலது கையை மேசைமேல் வைத்திருக்கிறான். விரல் முட்டிகளில் புளியங்கொட்டை புளியங்கொட்டையாகக் கட்டிகள். உடைந்த ஒன்றிலிருந்து வெள்ளையாகக் கசிகிறது. யார் கையையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறான். "ரப்பர் பால்தாங்க உள்ள ஏறி உறைஞ்சிருச்சு," என்கிறாள் புல்வெட்டுக்குப் போகும் அவன் மனைவி அஞ்சலை. "லயத்து வீடுகள்ல எல்லாரும் அதான் சொல்றாங்க. எடுத்து விட்டுட்டா நாளைக்கே வெட்டுக்குப் போயிருவாரு. வெட்ட முடியாதவங்கள ஊருக்கே கப்பல் ஏத்தி விட்டுர்றாங்க." தோட்டத்து வைத்தியம் பார்க்கும் டிரசர் பஞ்சால் புண்ணைத் துடைக்கிறார். "பால் இல்லம்மா. ரத்தத்துல யூரிக் உப்பு கூடி மூட்டுல தங்கியிருக்கு. கள்ளு கூடாது, ஈரல் கூடாது, தண்ணி நெறையக் குடிக்கணும். வலிக்கு மருந்து தர்றேன். கட்டி கரையாது." அஞ்சலை காதில் வாங்கவில்லை. "நீங்க இழுத்துப் பாருங்க," என்கிறாள் கணவனிடம். கசிந்ததில் கொஞ்சத்தை வீரமுத்து இடது கையால் தொட்டெடுக்கிறான். கோப்பையில் உறைந்த பாலைச் சோதிப்பதுபோல் இரு விரல்களுக்கு நடுவே வைத்து மெல்ல விரிக்கிறான். ரப்பர்போல் நூலாக இழுபடவில்லை. சுண்ணாம்பாக மேசைமேல் உதிர்கிறது. வெளியே யாரோ பால்வாளி கழுவும் சத்தம். அஞ்சலை உதிர்ந்ததையே பார்த்து நிற்கிறாள். பிறகு அவன் இடுப்பிலிருக்கும் பால்வெட்டுக் கத்தியை உருவி, பிடியை முந்தானையால் துடைத்து, தன் இடுப்பில் செருகிக்கொள்கிறாள். அவன் தலை நிமிரவில்லை. கை மேசைமேல் வைத்த இடத்திலேயே கிடக்கிறது.