மாற்றுப் பின்னும் கருகிய அடாப்டரும்

மெக்கானிக் சடையாண்டி கருகிய அடாப்டரை மோந்து பார்க்கிறார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அக்கா மகன் ரோஹித்தின் கையடக்க வீடியோ கேமை மடியில் வைத்தபடி அன்புக்கரசி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். "நம்ம பிளக்குல சேரலைன்னு மாத்துப் பின்னு போட்டு நான்தாண்ணே சொருகுனேன். அவன் தூங்கி எந்திரிச்சா அழுவான்." "பின்னை மாத்துன, கரண்ட்டை மாத்தலையே தங்கச்சி! இது நூத்தியிருவது வோல்ட்டுக்குச் செஞ்சது. நம்ம ஊர்ல ரெண்டு மடங்கு வரும். உள்ள கம்பி வெந்துருச்சு." அவர் கருகியதில் எழுதியிருப்பதைப் பார்த்து, ஓர் உள்ளூர் அடாப்டரின் சுவிட்சை மூன்று வோல்ட்டுக்குத் தள்ளி, பிளஸ் மைனஸை மீட்டரில் சரிபார்த்து, கேமில் மெல்லச் சொருகுகிறார். வாசல் வெயில் படும் சின்னத் திரையில் புள்ளிகள் ஓடுகின்றன. டிங்கென்று ஓர் ஓசை. "அடாப்டர்ல கம்பி அறுந்து கரண்ட் போகாததுல கேம் தப்பிச்சிருச்சு." அவள் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள். "அப்ப அவன்கிட்டச் சொல்ல வேணாம்லண்ணே?" சடையாண்டி ஒரு கையில் கருகிய சின்னக் கறுப்பு அடாப்டரையும் மறு கையில் செங்கல் பருமனுள்ள உள்ளூர் வெள்ளை அடாப்டரையும் தூக்கிக் காட்டுகிறார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. "சொல்லிர வேண்டியதுதான்."