வாளியில் கரையும் சிவப்பு

சமையலறை ஜன்னல் வெயில் விழும் வாளியில், எட்டு மாதமாக அவள் மீன்தொட்டியில் வளர்த்த சிவப்புக் கடற்பாசி கிடக்கிறது. கணவன் அதைக் குழாய்த் தண்ணீரில் துணி அலசுவதுபோல் அலசுகிறான். தண்ணீர் ரோஜா நிறமாகிறது. "பாரு, எவ்வளவு அழுக்கு போகுதுன்னு." அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உப்பு நீரிலேயே வாழ்ந்த பாசி, நல்ல தண்ணீரை உறிஞ்சி உப்பி, உள்ளுக்குள் கிழிந்து சிவப்பைக் கொட்டுகிறது. மீன்களின் கழிவைத் தின்று தொட்டியைத் தெளிவாக வைத்திருந்ததே அதுதான். "போறது அதோட உசிருங்க." அவன் கையைத் தட்டிவிட்டு, வெளுத்த கொத்தை அள்ளிக்கொண்டு தொட்டிக்கு ஓடுகிறாள். உப்பு நீரில் அசையும் நுனிகளில் ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் சிவப்பாக இருக்கிறது. பின்னாலேயே வந்தவன் கண்ணாடியைத் தட்டிக் காட்டுகிறான். "அந்த ஒரு இடத்துல மட்டும் இன்னும் போகல."