பாதி பாதியாகத் தேடியது

திண்டிவனத்து மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டிக்குச் செய்து கொடுத்த சாப்ட்வேர், சில வாரங்களாக எடையைத் தப்பாகக் காட்டியது.

“யார் செஞ்ச மாத்தத்தால கெட்டுச்சுன்னு கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சிரும். பழைய மாத்தங்களைப் பாதி பாதியா பிரிச்சு அதுவே சோதிச்சுக்கினு போவும்” என்று டீம் லீடர் ஜாக்குலின் பட்டனைத் தட்டினாள்.

அதை எழுதியவர்களில் ஒருவனான ஸ்டீபன்ராஜுக்கு வியர்த்தது. திரையில் அவன் பெயரே வந்து நின்றது. மாற்றம் செய்த நேரம்: போன மாதம் பத்தாம் தேதி, காலை பதினொன்றரை மணி.

ஜாக்குலின் துள்ளிக் குதித்தாள். “சன்மதி, எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கினு வா!”

“தப்பு பண்ணவருக்கு ஸ்வீட்டா மேடம்?”

“அன்னிக்குதான்டி எனக்கும் இவருக்கும் கல்யாணம்! சர்ச்ல பூசை முடிஞ்சதும் மனுஷன் காணாம போயிட்டாரு. கேட்டா ஆபீஸ் வேலைன்னாரு. எவகூட பேசப் போனீங்கன்னு தெனம் சண்டை போட்டுக்கினு இருக்கேன். நெசமாவே வேலைதான் பார்த்திருக்காரு!”