சாவுக் காட்சிக்குப் பிறகு

சீனத்துச் சினிமாவிலும் தொலைக்காட்சித் தொடர்களிலும் முப்பது வருடமாகச் செத்துச் செத்தே பிழைத்தவர் நடிகர் குவோ பெய்லின். சாவுக் காட்சி முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் சாவு ஒட்டிக்கொள்ளும் என்பது அந்தத் தொழிலில் நம்பிக்கை. இன்று சவப்பெட்டியிலிருந்து எழுந்தவர் சிரிக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார். மனைவிக்கு இன்னும் காட்டாத மருத்துவமனை ரிப்போர்ட் சட்டைப்பையில் இருந்தது.

கதவைத் திறந்ததும் மனைவி ஷூலான் வழக்கம்போலக் கேட்டாள். "சிரிச்சீங்களா?"

"மறந்துட்டேன்."

அவள் முகம் கறுத்தது. செல்போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இப்பவாவது சிரிங்க."

வாய்விட்டு, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தார். எந்த இயக்குநரும் ஒரே டேக்கில் ஓகே சொல்லியிருப்பார்.

ஷூலான் செல்போனை இறக்கவில்லை.

"நடிக்காதீங்க" என்றாள்.