போலீஸ் உடையில் நாற்பது பேர்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் ஒரு கிராமத்தில், பழைய டிவி தொடர் ஒன்றின் படப்பிடிப்பு நடந்த காவல் நிலையத்தைப் பார்க்க நாற்பது ரசிகர்கள் கூடியிருந்தார்கள். எல்லோருமே தொடரில் வரும் போலீஸ் உடையில்.

"என் வீட்டுக்காரரைக் காணோம்!" என்று ஓடிவந்தாள் மேவிஸ்.

"என்ன டிரெஸ்மா?" என்றார் ரசிகர் மன்றத் தலைவர் கிளைவ்.

"போலீஸ் டிரெஸ்."

கிளைவ் விழித்தார். "சரியாப்போச்சு! இத்தனை பேர்ல யாரைன்னு தேடுறது?"

"அதோ!"

நடுரோட்டில் ஒரு முதியவர் பஸ்களைக் கைகாட்டி நிறுத்திக்கொண்டிருந்தார்.

"அசத்துறாரே! எங்க மன்றத்துல எப்பச் சேர்ந்தார்?"

"சேரவே இல்ல. இந்த ஊர் நிஜ கான்ஸ்டபிள். ரிட்டயரானதுதான் மறந்துபோச்சு." மேவிஸ் அவர் கையைப் பிடித்தாள். "வீட்டுக்கு வாங்க, வில்ஃப்."

"மாத்து ஆள் வராம எப்படிப் போறது?"

கிளைவ் விறைப்பாக சல்யூட் அடித்தார். "நான்தான் சார் அடுத்த டியூட்டி."

வில்ஃப் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்வளவு லேட்டாவா வர்றது?"